இணையதளப் பாதுகாப்புச் சான்றிதழ்: குறைந்த செலவில் தேர்ந்தெடுத்தல்

இணையதளப் பாதுகாப்புச் சான்றிதழ் என்பது, ஓர் இணையதளத்தின் பெயரையும் அத்தளத்தின் பொதுத் திறவுகோலையும் ஒன்றாகச் சேர்த்து, உலாவிகள் நம்பும் ஒரு சான்றளிக்கும் நிறுவனம் மின்கையொப்பமிட்டுத் தரும் சிறிய கோப்பு ஆகும். வழக்கில் இதனை எஸ்.எஸ்.எல். சான்றிதழ் என்கின்றனர். எஸ்.எஸ்.எல். என்பது 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் நிறுவனம் உருவாக்கிய நெறிமுறை. 1999இல் அதன் இடத்துக்கு டி.எல்.எஸ். வந்துவிட்டது, இன்று எந்தத் தளமும் உண்மையில் பயன்படுத்துவது டி.எல்.எஸ். நெறிமுறையைத்தான். ஆனால் விற்பவர் நாவிலும் வாங்குபவர் நாவிலும் பழைய பெயரே தங்கிவிட்டது.

இச்சான்றிதழ் இலவசமாகவும் கிடைக்கிறது. ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் முதல் பல ஆயிரம் ரூபாய் வரை விலைக்கும் விற்கப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர ஊரான மணமேல்குடியில் கருவாடு விற்கும் ஒரு சிறிய கடை, வெளியூர் வாடிக்கையாளர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். தளம் அமைத்துத் தருபவர் நீட்டும் விலைப்பட்டியலில் "எஸ்.எஸ்.எல்." என்றொரு வரி இருக்கும். அந்த வரிக்குக் கொடுக்கும் பணம் எதை வாங்குகிறது, எதை வாங்குவதில்லை என்பது தெரிந்தால் தேர்வு எளிது.

சான்றிதழ் இல்லாத தளம்

சான்றிதழ் இல்லாத தளத்துக்கும் அதைப் பார்ப்பவருக்கும் இடையே செல்லும் தகவல் அஞ்சலட்டை போன்றது. வழியில் கைமாறும் ஒவ்வொருவரும் அதைப் படிக்கலாம். விரும்பினால் எழுதிச் சேர்க்கவும் செய்யலாம். "பணம் வாங்காத தளத்துக்கு இது எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டாவது ஆபத்து பெரும்பாலும் தெரிவதில்லை.

2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெங்களூருவைச் சேர்ந்த நிரலாளர் ஒருவர், ஏர்டெல் 3ஜி இணைப்பில் தன் தளத்தைப் பார்த்தபோது, தான் எழுதாத நிரல் ஒன்று பக்கத்துக்குள் சேர்ந்திருப்பதைக் கண்டு அதை வெளியிட்டார். வாடிக்கையாளர்கள் தங்கள் டேட்டா பயன்பாட்டை அறிந்துகொள்ள உதவும் ஏற்பாடு அது என்று ஏர்டெல் விளக்கம் அளித்தது. நோக்கம் எதுவாயினும், தளத்தின் உரிமையாளருக்குத் தெரியாமல் பக்கத்தின் உள்ளடக்கம் வழியில் மாறியது. மறையாக்கம் செய்யப்பட்ட பக்கத்தில் இப்படி நுழைக்க முடியாது. கருவாட்டுக் கடையின் பக்கத்தில் யாரோ ஒருவர் வேறொரு கைபேசி எண்ணையோ வேறொரு யுபிஐ முகவரியையோ புகுத்தினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால், பணம் வாங்கும் பக்கம் இல்லாத தளத்துக்கும் சான்றிதழ் தேவை என்பது புரியும்.

உலாவிகளும் இதில் கண்டிப்பாகிவிட்டன. 2014 ஆகஸ்டில் கூகுள், மறையாக்கம் உள்ள தளங்களுக்குத் தேடல் வரிசையில் சிறிது முன்னுரிமை தருவதாக அறிவித்தது. 2018 ஜூலையில் வெளியான குரோம் 68ஆம் பதிப்பு, சான்றிதழ் இல்லாத எல்லாத் தளங்களையும் பாதுகாப்பற்றவை என்று முகவரிப் பட்டையிலேயே குறிக்கத் தொடங்கியது. முதல் முறை வரும் வாடிக்கையாளர் கண்ணில் கடையின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் படும்.

விலைக்கும் வலிமைக்கும் தொடர்பு உண்டா?

விலை உயர்ந்தால் பூட்டு வலுவாகும் என்பதே இத்துறையில் மிகப் பரவலான தவறான எண்ணம். விளம்பரங்களில் வரும் "256 பிட் மறையாக்கம்" என்ற தொடர் அதற்குத் துணைபோகிறது. உண்மையில் அந்த 256 பிட் என்பது சான்றிதழின் பண்பே அன்று. உலாவியும் வழங்கியும் ஒவ்வோர் இணைப்பின் தொடக்கத்திலும் தங்களுக்குள் பேசி முடிவுசெய்யும் ஒரு தற்காலிகத் திறவுகோலின் நீளம் அது. சான்றிதழின் வேலை, அந்தப் பேச்சு சரியான வழங்கியுடன்தான் நடக்கிறது என்று உறுதிசெய்வது. இலவசச் சான்றிதழ் வைத்திருக்கும் தளமும், பல ஆயிரம் ரூபாய்ச் சான்றிதழ் வைத்திருக்கும் தளமும் ஒரே வழங்கியில் ஒரே அமைப்புடன் இயங்கினால், இரண்டின் மறையாக்கமும் ஒன்றே.

பிறகு விலை எதற்கு? விண்ணப்பித்தவர் யார் என்று சரிபார்க்கும் உழைப்புக்கு. அந்த உழைப்பின் அளவைக்கொண்டு சான்றிதழ்கள் மூன்று வகைப்படும்.

முதல் வகை டொமைன் சரிபார்ப்பு. விண்ணப்பித்தவர் அந்த டொமைன் பெயரை உண்மையிலேயே கட்டுப்படுத்துகிறாரா என்பது மட்டும் சோதிக்கப்படும். சான்றளிக்கும் நிறுவனம் ஒரு குறிப்பிட்ட எழுத்துத் தொடரைக் கொடுத்து, அதைத் தளத்தின் ஓர் இடத்திலோ டி.என்.எஸ். பதிவிலோ வைக்கச் சொல்லும். பிறகு தானே வந்து பார்க்கும். மனிதர் எவரும் குறுக்கிட வேண்டியதில்லை, சில நொடிகளில் முடிந்துவிடும். இதனால்தான் இதை இலவசமாகத் தர முடிகிறது.

இரண்டாவது வகையான நிறுவனச் சரிபார்ப்பில், பதிவு பெற்ற நிறுவனம் ஒன்று உண்மையில் இருக்கிறதா என்று ஆவணங்களைக்கொண்டு பார்க்கின்றனர். மூன்றாவது, விரிவான சரிபார்ப்பு. இதில் சோதனைகள் இன்னும் கடுமை, விலையும் மிக அதிகம். முன்பு இவ்வகைச் சான்றிதழ் பெற்ற தளத்தின் முகவரிப் பட்டையில் நிறுவனத்தின் பெயர் பச்சை நிறத்தில் தெரியும். அந்தப் பச்சைப் பட்டைக்காகவே பலர் பணம் கொடுத்தனர்.

அந்தப் பச்சைப் பட்டையின் மதிப்பை 2017இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் சோதித்துக் காட்டினார். புகழ்பெற்ற பணப்பரிமாற்ற நிறுவனமான ஸ்டிரைப்பின் பெயரிலேயே அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் புதிதாக ஒரு நிறுவனத்தைச் சட்டப்படி பதிவுசெய்து, அந்தப் பெயரில் விரிவான சரிபார்ப்புச் சான்றிதழும் பெற்றுவிட்டார். எல்லாமே விதிப்படிதான் நடந்தது. ஆனால் பார்ப்பவருக்குத் தெரிந்த பெயர் வேறொரு நிறுவனத்தை நினைவூட்டியது. 2019இல் குரோம் 77, பயர்பாக்ஸ் 70 ஆகிய பதிப்புகளில் அந்தப் பச்சைப் பெயர் முகவரிப் பட்டையிலிருந்து நீக்கப்பட்டது. இன்றும் பச்சைப் பட்டை கிடைக்கும் என்று கூறி இவ்வகையை விற்கும் விலைப்பட்டியல் எதுவும் காலங்கடந்தது.

விலையுயர்ந்த சான்றிதழோடு சேர்த்து விளம்பரப்படுத்தப்படும் "உத்தரவாதத் தொகை"யையும் ஒருமுறை கவனித்துப் படிக்க வேண்டும். சான்றளிக்கும் நிறுவனம் தவறான ஆளுக்குச் சான்றிதழ் கொடுத்து, அதை நம்பிய ஒருவர் இழப்படைந்தால் அவருக்கு வழங்குவதாகச் சொல்லும் தொகை அது. கடையின் தளத்துக்குள் யாரேனும் புகுந்து தகவலைத் திருடினால் கடைக்காரருக்குக் கிடைக்கும் காப்பீடு அன்று.

இலவசச் சான்றிதழ் வந்த கதை

இலவசச் சான்றிதழ் என்ற எண்ணம் புதியதன்று. இஸ்ரேலைச் சேர்ந்த ஸ்டார்ட்காம் நிறுவனம் பல ஆண்டுகள் அதை வழங்கிவந்தது. 2015இல் சீனாவின் வோசைன் நிறுவனம் அதை வெளியே சொல்லாமல் வாங்கியது. சான்றிதழ்களில் முன்தேதி இட்டது உள்ளிட்ட முறைகேடுகள் 2016இல் வெளிப்பட்டதும் மொசில்லா, ஆப்பிள், கூகுள் ஆகியவை அந்த இரு நிறுவனங்களின் புதிய சான்றிதழ்களை ஏற்க மறுத்தன. அந்தச் சான்றிதழ்களை நம்பித் தளம் நடத்தியவர்கள் வேறிடம் தேட வேண்டியதாயிற்று.

அதற்குள் வேறொரு வழி திறந்திருந்தது. மொசில்லா, எலெக்ட்ரானிக் பிராண்டியர் பவுண்டேசன், மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்களின் முயற்சியில், சிஸ்கோ, அகமாய் போன்ற நிறுவனங்களின் ஆதரவோடு, இலாப நோக்கற்ற லெட்ஸ் என்கிரிப்ட் திட்டம் 2014 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. 2015 டிசம்பரில் அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 2020 பிப்ரவரியில் தன் நூறு கோடியாவது சான்றிதழை அது வழங்கியது.

இதன் வெற்றிக்கு விலையின்மை மட்டும் காரணம் அன்று. விண்ணப்பம், சோதனை, வழங்கல், புதுப்பித்தல் அனைத்தையும் வழங்கியிலுள்ள மென்பொருளே செய்துகொள்ளும் ஆக்மி என்ற நெறிமுறையை இத்திட்டம் கொண்டுவந்தது. 2019இல் அது இணையத் தரநிலையாக ஏற்கப்பட்டது. இப்போது கூகுள், சீரோ எஸ்.எஸ்.எல். போன்றவையும் இதே நெறிமுறை வழியாகக் கட்டணமின்றிச் சான்றிதழ் தருகின்றன. 2018 மார்ச் முதல், ஒரு டொமைனின் எல்லாத் துணைப்பெயர்களுக்கும் பொருந்தும் சான்றிதழையும் லெட்ஸ் என்கிரிப்ட் வழங்குகிறது. முன்பு இதற்காகத் தனி விலை கொடுத்தவர்கள் பலர்.

2014இல் இந்தியாவில் நடந்தது

சான்றிதழின் மதிப்பு அதைத் தரும் நிறுவனத்தின் ஒழுங்கைப் பொறுத்தது. இதற்கு இந்தியாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன்படி, நாட்டின் சான்றளிக்கும் நிறுவனங்களுக்கு உரிமம் தந்து மேற்பார்வையிட ஒரு கட்டுப்பாட்டாளர் இருக்கிறார். தேசியத் தகவலியல் மையமும் அந்த உரிமத்தின்கீழ் சான்றிதழ் வழங்கிவந்தது. 2014 ஜூலை 2 அன்று, கூகுளின் டொமைன்களுக்கு அனுமதியின்றி அம்மையத்தின் பெயரில் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதை கூகுள் கண்டறிந்தது. இந்தியக் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழை மைக்ரோசாப்ட் தன் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்திருந்ததால், விண்டோஸ் கணினிகளில் பெரும்பாலான மென்பொருள்கள் அவற்றை உண்மையானவை என்றே ஏற்றிருக்கும். பயர்பாக்ஸ் தனக்கெனத் தனிப் பட்டியல் வைத்திருப்பதால் தப்பியது. மறுநாளே கட்டுப்பாட்டாளர் மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்துசெய்தார். மையத்தின் வழங்கல் முறைக்குள் ஊடுருவல் நடந்திருந்தது, தவறாக வழங்கப்பட்டவை நான்கு சான்றிதழ்கள், அவற்றுள் மூன்று கூகுள் டொமைன்களுக்கும் ஒன்று யாகூ டொமைனுக்கும் உரியவை என்று விசாரணையில் தெரிவிக்கப்பட்டது. அந்த நான்கில் அடங்காத வேறு சில சான்றிதழ்களும் தன் கவனத்துக்கு வந்ததாக கூகுள் கூறியது. அதன்பின் குரோம், இந்தியக் கட்டுப்பாட்டாளரின் கீழ்வரும் சான்றிதழ்களை அரசு, கல்வி முகவரிகள் உள்ளிட்ட ஏழு டொமைன் வகைகளுக்கு மட்டுமே ஏற்பது என்று வரம்பிட்டது.

தவறு நேர்ந்தது ஓர் அரசு அமைப்பில். ஸ்டார்ட்காமோ தனியார் நிறுவனம். இலவசம் என்பதால் நம்பக்கூடாது என்றோ, அரசு முத்திரை இருப்பதால் நம்பலாம் என்றோ இதில் ஒரு விதி கிடைக்காது. குரோம், பயர்பாக்ஸ், ஆப்பிள், மைக்ரோசாப்ட் ஆகிய நான்கின் நம்பிக்கைப் பட்டியலிலும் இருக்கும் நிறுவனமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இங்கே ஒரு குழப்பத்தையும் நீக்கிவிடலாம். ஜி.எஸ்.டி. படிவங்களிலும் ஒப்பந்தப்புள்ளிகளிலும் கையொப்பமிட, யு.எஸ்.பி. டோக்கனில் வாங்கும் மின்கையொப்பச் சான்றிதழ் வேறு. இணையதளச் சான்றிதழ் வேறு. முதலாவது ஆளுக்கு உரியது, இரண்டாவது தளத்தின் பெயருக்கு உரியது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதன் வேலையைச் செய்ய முடியாது.

மணமேல்குடிக் கடைக்கு எது பொருந்தும்?

கருவாட்டுக் கடைக்குத் திரும்பினால், அதற்கு டொமைன் சரிபார்ப்பு வகைச் சான்றிதழ் போதும். அதை இலவசமாகவே பெறலாம். பணம் வாங்குவதற்கு உயர்ந்த வகை வேண்டும் என்ற பேச்சிலும் பொருளில்லை. கடைகள் வழக்கமாகப் பணம் பெறுவது யுபிஐ வழியாகவோ, கட்டணச் சேவை நிறுவனம் ஒன்றின் பக்கத்தின் வழியாகவோதான். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் வாடிக்கையாளரின் அட்டை எண்ணைத் தங்களிடம் சேமித்து வைக்கவும் கூடாது.

கூகுளின் பிளாகர் போன்ற சேவையில் தளம் இருந்தால் சான்றிதழ் தானாகவே வந்துவிடும். சி-பேனல் உள்ள சாதாரண ஹோஸ்டிங்கில் "ஆட்டோ எஸ்.எஸ்.எல்." என்ற வசதி பெரும்பாலும் இருக்கும், அதை இயக்கினால் போதும். தனி வழங்கி வைத்திருப்பவர்கள் செர்ட்பாட் போன்ற மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். ஆகவே ஹோஸ்டிங் வாங்கும்போதே, இலவசச் சான்றிதழும் அதன் தானியங்கிப் புதுப்பித்தலும் உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது. ஹோஸ்டிங் விலையைக் குறைத்துக் காட்டி, இலவசச் சான்றிதழை அடைத்துவைத்து, பிறகு சான்றிதழைத் தனியே விற்கும் இடங்களில் மொத்தக் கணக்கு ஏறிவிடும்.

கிளவுட்பிளேர் நிறுவனமும் 2014 செப்டம்பர் முதல் இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. அதில் "பிளெக்சிபிள்" என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், வாடிக்கையாளருக்கும் கிளவுட்பிளேருக்கும் இடையே மட்டுமே மறையாக்கம் இருக்கும். அங்கிருந்து கடையின் வழங்கிவரை தகவல் திறந்தபடியே செல்லும். உலாவியில் எந்த எச்சரிக்கையும் வராது என்பதால் இது வெளியே தெரியாது. வழங்கியிலும் ஒரு சான்றிதழை நிறுவி, முழு மறையாக்க அமைப்பைத் தேர்ந்தெடுப்பதே முறை.

சான்றிதழைவிட முதலில் பார்க்க வேண்டியது டொமைன் பெயர் யார் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்பது. தளம் அமைத்துத் தந்தவரே தன் கணக்கில் டொமைனையும் வாங்கிவைப்பது சிற்றூர்களில் சாதாரணம். டொமைனைக் கட்டுப்படுத்துபவருக்குத்தான் சான்றிதழ் கிடைக்கும். அவரோடு மனத்தாங்கல் வந்தாலோ, அவர் தொழிலை விட்டுப் போனாலோ, கடைக்காரரால் தன் கடைப் பெயருக்கே சான்றிதழ் பெற முடியாமல் போகும். தனித் திறவுகோல் கோப்பை மின்னஞ்சலிலும் வாட்சப்பிலும் அனுப்பிவைப்பதும் இதைப்போன்ற ஒரு பழக்கம். அந்தக் கோப்பு வழங்கியிலேயே உருவாகி அங்கேயே இருக்க வேண்டியது. வெளியே போய்விட்டால் பழைய சான்றிதழை ரத்துசெய்து புதிய திறவுகோலோடு வேறொன்று பெறுவதே வழி.

சான்றிதழ் இருப்பதால் தளம் நேர்மையானது என்று பொருளாகாது. ஆங்கிலத்தில் ஆர், என் ஆகிய இரண்டு சிற்றெழுத்துகளை அடுத்தடுத்து எழுதினால் கைபேசித் திரையில் எம் போலவே தோன்றும். மணமேல்குடி என்ற பெயரில் முதலில் வரும் எம் எழுத்தை இப்படி மாற்றி ஒருவர் டொமைன் வாங்கினால், அந்தப் போலித் தளத்துக்கும் முறையான சான்றிதழ் கிடைக்கும். ஏனெனில் அந்தப் பெயர் உண்மையிலேயே அவருடையதுதான். 2023 செப்டம்பரில் குரோம் முகவரிப் பட்டையிலிருந்த பூட்டுப் படத்தை எடுத்துவிட்டதற்கு, மக்கள் அதை நேர்மைக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டதும் ஒரு காரணம்.

காலாவதியும் புதுப்பித்தலும்

விலையில் மிச்சம் பிடித்தவர்கள் பலர் சிக்கிக்கொள்வது காலாவதியில். சான்றிதழின் ஆயுள் முடிந்த அந்த நொடி முதல், உலாவிகள் தளத்தின் முன்னால் முழுத்திரை எச்சரிக்கையை நிறுத்திவிடும். பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல: 2020 பிப்ரவரி 3 அன்று ஒரு சான்றிதழ் காலாவதியானதால் மைக்ரோசாப்ட் டீம்ஸ் சேவை சில மணி நேரம் முடங்கியது.

சான்றிதழ்களின் ஆயுளும் குறைந்துகொண்டே வருகிறது. 2020 செப்டம்பர் முதல் அதிகபட்சம் 398 நாள் என்றிருந்தது. உலாவி நிறுவனங்களும் சான்றளிக்கும் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, இந்த வரம்பு 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். மூன்று ஆண்டுக்கு ஒரே கட்டணம் என்று விற்கப்படும் திட்டத்தை இந்த அட்டவணையோடு வைத்துப் பார்க்க வேண்டும். பணம் மூன்று ஆண்டுக்கு முன்கூட்டியே போய்விடும். சான்றிதழை மட்டும் ஆண்டுக்குப் பலமுறை மாற்றி நிறுவியாக வேண்டும். கையால் நிறுவ ஒவ்வொரு முறையும் ஆளுக்குக் கூலி கொடுக்கும் கடைக்கு, சான்றிதழின் விலையைவிடக் கூலி கூடிவிடும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் இலவசச் சான்றிதழுக்கு இந்தச் செலவு இல்லை.

ஆனால் தானியங்கியும் சில சமயம் நின்றுவிடும். வழங்கியை மாற்றும்போதும் டி.என்.எஸ். பதிவைத் திருத்தும்போதும் புதுப்பித்தல் சத்தமில்லாமல் தோற்பதுண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் காலாவதிக்கு முன் அனுப்பிவந்த நினைவூட்டல் மின்னஞ்சல்களை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை உலாவியில் தளத்தைத் திறந்து, முகவரிக்கு அருகிலுள்ள படத்தைத் தொட்டு, சான்றிதழ் முடியும் தேதியைப் பார்த்துக்கொள்வது செலவில்லாத வேலை.

வாடிக்கையாளர் ஒருவருக்கு மட்டும் எச்சரிக்கை வருகிறது என்றால் கோளாறு அவருடைய கைபேசியிலும் இருக்கலாம். கைபேசியில் தேதி தவறாக இருந்தால் எல்லாத் தளங்களின் சான்றிதழும் காலாவதியானதாகவோ இன்னும் தொடங்காததாகவோ தோன்றும். மிகப் பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகளில், அதாவது 7.1.1க்கு முந்தைய பதிப்புகளில், லெட்ஸ் என்கிரிப்டின் மூலச் சான்றிதழே இல்லை. அத்தகைய கைபேசியிலும், தனக்கெனத் தனி நம்பிக்கைப் பட்டியல் கொண்ட பயர்பாக்ஸ் உலாவியை நிறுவ முடிந்தால் தளம் திறக்கும்.

டொமைன் பெயரின் டி.என்.எஸ். அமைப்பில் சி.ஏ.ஏ. என்றொரு பதிவைச் சேர்த்து, இந்தப் பெயருக்கு இன்ன நிறுவனம் மட்டுமே சான்றிதழ் தரலாம் என்று அறிவிக்கவும் வழி உண்டு. 2017 செப்டம்பர் முதல் சான்றளிக்கும் நிறுவனங்கள் அனைத்தும் வழங்கும் முன் இப்பதிவைப் பார்த்தாக வேண்டும். வழங்கப்படும் சான்றிதழ்களைப் பொதுப் பதிவேடுகளில் சேர்க்கும் முறையும் இப்போது உள்ளது. 2018 ஏப்ரல் 30க்குப் பின் வழங்கப்பட்ட சான்றிதழ் அப்படிச் சேர்க்கப்படாவிட்டால் குரோம் ஏற்காது. அந்தப் பதிவேடுகளை யாரும் கட்டணமின்றித் தேடலாம். தன் கடைப் பெயரைத் தேடிப் பார்க்கும் ஒருவருக்கு, தான் கேட்காத சான்றிதழ் எதுவும் அப்பெயரில் வழங்கப்பட்டிருக்கிறதா என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும்.